தடியன்களைத் தள்ளிய காலை

ஆண் தேனீயை நாங்கள் தடியன் என்போம். உடம்பு பெருத்திருக்கும். தலை முழுக்கக் கண். கொடுக்கு கிடையாது. பூவுக்குப் போகமாட்டான், தண்ணீர் கொண்டுவரமாட்டான், வாசலில் காவல் நிற்கமாட்டான். வேலைக்காரி ஈக்கள் சேர்த்த தேனைக் குடித்துவிட்டு மத்தியான வெயிலில் ஒரு சுற்றுப் பறந்து வருவான். வானத்தில் புது ராணி ஒருத்தி தென்பட்டால் அவளோடு சேர்வான். அதற்காகத்தான் அவனைப் பெற்று வளர்ப்பது.

பூ இருக்கிற வரை அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பூ நின்றதும் வெளியே தள்ளிவிடுவார்கள்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே சித்திரையில் வேம்பும் புங்கையும் பூக்கும், வைகாசியில் புளி. ஆனியோடு எல்லாம் முடிந்துவிடும். ஆடியில் மேல்காற்று மண்ணை வாரி அடிக்கும். தடியன்களைத் தள்ளுவது அந்தக் காற்றில்தான்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி.

அதற்கு முந்தின வருஷம் புழு நோய் வந்து ஊரில் இருந்த தேனீப் பெட்டிகள் காலியாகிவிட்டன. அடையின் அறைக்குள்ளேயே புழு அழுகிச் செத்தது. ஈக்கள் கூட்டை விட்டுப் போயின. தப்பியது இரண்டு பெட்டி. ஒன்று என்னுடையது. இன்னொன்று பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரருக்குச் செங்கல்பட்டு பஜாரில் ஜவுளி வியாபாரம். பாய் வீட்டு அக்கா என்றுதான் தெருவில் சொல்வோம். வீட்டு முன்னால் சின்னக் கடை வைத்திருந்தார். அவருக்கு வாய் ஓயாது. எனக்கு வாய் கிடையாது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

தை பிறந்தால் செங்கல் சூளைக்கு ஆள் எடுப்பார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் போய்வந்தவள். மண் மிதித்தேன், கல் அறுத்தேன், தலையில் சுமந்தேன். பெட்டிகள் வந்த பிறகு ஒரு வருஷம் போகவில்லை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வீடுகளில் தேனைக் கேட்டு வாங்கினார்கள். நோய் வந்த வருஷம் மறுபடி சூளைக்குப் போனேன். திரும்பி வந்தபோது முதுகு நிமிரவில்லை.

மிச்சம் இருந்த அந்த ஒரு பெட்டி தை வரை உயிரோடு இருந்தால் அதை இரண்டாகப் பிரித்துவிடலாம். பிறகு நாலு. சூளை வேண்டாம். செத்தால் சூளை. எனக்கு வேறு யோசனை எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு வேறு யோசனை இருந்தது. அவர் மீன் வியாபாரம். விடியலில் கடற்கரையில் வாங்கி, சைக்கிளில் கூடை கட்டி, ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டே ஊர் ஊராகப் போவார். மத்தியானம் வந்தால் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்துவிடுவார். மீன் வாடைக்கு ஈ சீறும் என்று பெட்டிப் பக்கம் வருவதில்லை. தூரத்தில் இருந்தே கேட்பார்.

"இன்னாமே, காலியாச்சா? காலியானா சொல்லு. கோழிக்குஞ்சு வுடலாம். நல்ல பலகை."

நான் என் வேலையைப் பார்ப்பேன்.

ஆனிக் கடைசியில் என் பெட்டியின் பழைய ராணி பாதி ஈக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேப்பங்கிளையில் கொத்தாக உட்கார்ந்தார்கள். நான் கூடை எடுத்து வருவதற்குள் கடல் பக்கமாகப் போய்விட்டார்கள். உள்ளே ராணி அறை ஒன்று மூடி இருந்தது. அதிலிருந்து புதியவள் வருவாள். ஆனால் மிச்சம் இருப்பவர்களும் ஓடிவிடுவார்களோ என்று பயம்.

அதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பெட்டி வாசலில் ராணித் தகடு அடிப்பது. அது துளை போட்ட தகரம். வேலைக்காரி உடம்பு சிறிது, துளையில் போய் வருவாள். ராணி உடம்பு பெரிது, போக முடியாது. ராணி போகாவிட்டால் கூட்டம் போகாது. ஒரு கூட்டம் ஓடினால் அன்றைக்கே தகடு. யாரும் யோசிப்பதில்லை. நானும் அடித்தேன். அக்காதான் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இறுக்கி அடிமே. இனிமே எங்க போவும்?"

ஆடி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினார்.

"ஏமே! ஓடியாடி! கூத்து பாரு! ஆம்பளைங்கள இழுத்துப் போடுதுங்க!"

போனேன். அவர் பெட்டி வாசலில் சந்தை மாதிரி இருந்தது. ஒரு தடியனை இரண்டு பேர் இறக்கையில் கடித்து இழுத்தார்கள். இன்னொருத்தி அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். காலை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். விழுந்தான். மறுபடி ஏறி வந்தான். வாசலில் காவல்காரிகள் வழி விடவில்லை. முன்னாலேயே பட்டினி போட்டிருந்தார்கள் போல. பறக்கவே தெம்பில்லை அவனுக்கு. கீழே அக்காவின் கோழிகள் வரிசையாக நின்றன.

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே எட்டிப் பார்த்தார்.

"பாவம்க்கா அதுங்க. ஆம்பளன்னா அவ்ளோ எளக்காரமா?"

"தம்பி, நீ மொதல்ல எழுந்து உக்காரு. உன்ன பாத்துதான் அதுங்களுக்கு ரோசம் வந்துகீது."

"காத்தால நாலு ஊரு மிதிச்சிட்டு வந்து படுத்துகிறேன்க்கா."

"அத்த அதுங்க கிட்ட சொல்லு. வுடுதுங்களா பாப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வந்து என் பெட்டியைப் பார்த்தபோது போய்விட்டது.

என் பெட்டியில் சண்டை இல்லை. தகட்டின் பின்னால் தடியன்கள் நிம்மதியாக நடந்தார்கள். ஒருவரும் அவர்களைக் கடிக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"உன் பொட்டில ஆம்பளைக்கு மரியாத கீதுமே" என்றார் அக்கா.

"எங்க வூட்டு வளர்ப்பு அப்டி" என்றார் வீட்டுக்காரர்.

அவர்களுக்கு விளையாட்டு. எனக்கு இல்லை. நோய் வந்த வருஷத்தில் என் பெட்டி ஒன்று ராணி இல்லாமல் போனது. அதில் கடைசி வரை தடியன்களைத் தள்ளவே இல்லை. ஊட்டிக்கொண்டே இருந்தார்கள். ராணி நல்லபடியாக முட்டை வைக்கும் வீட்டில்தான் தள்ளுவார்கள். முட்டை வைக்கும் ராணி இல்லாத வீட்டில், எப்போதாவது ஒருத்தி வருவாள், அவளுக்கு அவன் தேவைப்படுவான் என்று வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்கு யாரும் வரவில்லை. தடியன்களும் வேலைக்காரிகளும் ஒன்றாகவே செத்துக் கிடந்ததை நான்தான் துடைத்தேன்.

தேங்காய் நாரில் புகை போட்டு மூடியைத் திறந்தேன். அடை கட்டிய சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். புது ராணி இருந்தாள். ஒல்லியாக, வேகமாக ஓடினாள். அறைகள் துடைத்து வைத்த பாத்திரம் போல மின்னின. ஒன்றிலும் முட்டை இல்லை. புழு இல்லை.

ராணி இருக்கிறாள், முட்டை இல்லை. ஏன் என்று புரியவில்லை. மூடிவிட்டேன்.

மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் பெட்டிக்குப் பக்கவாட்டில் போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ஆடி மாதம் காலையிலிருந்து மேல்காற்று அடிக்கும். மத்தியானம் தாண்டி அது ஓயும். பிறகு கடல்காற்று வரும். நடுவில் கொஞ்ச நேரம் இலை அசையாது. அந்த நேரத்தில் தகட்டுத் துளையில் ஒரு தலை தெரிந்தது. வெளியே வரப் பார்த்தது. மார்பு இடித்தது. உள்ளே போயிற்று. அடுத்த துளையில் வந்தது. அங்கேயும் இடித்தது. ராணி.

கடல்காற்று எழுந்ததும் அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் அதே நேரம் உட்கார்ந்தேன். அதே மாதிரி துளை துளையாகத் தேடினாள். தகட்டின் அடியில் தடியன்கள் சிலர் மாட்டிக்கொண்டு செத்திருந்ததையும் அன்றுதான் குனிந்து பார்த்தேன். அவனுக்கும் அந்தத் துளை போதாது.

புதிதாகப் பிறந்த ராணி ஒருமுறை வெளியே போய் வானத்தில் தடியன்களோடு சேர்ந்து வந்தால்தான் முட்டை வைப்பாள். இது எனக்குத் தெரிந்த விஷயம். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தகடு அடிப்பது கூட்டம் ஓடாமல் இருக்க என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து யாரும் பார்த்ததில்லை. ஓடக் கூடாது என்று கதவை அடித்துவிட்டு, ஏன் முட்டை இல்லை என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தோம்.

அரிவாள் முனையால் ஆணியை நெம்பினேன். அக்கா கடையை விட்டு ஓடி வந்தார்.

"இன்னாமே பண்ற? ஆடில யாராவது தகட்ட எடுப்பாங்களா? பூவே இல்ல. பசில அப்டியே கெளம்பிப் போய்டும்."

"உள்ள வச்சாலும் போய்டும்."

"வெளிய வுட்டா இன்னிக்கே போவும். அவ்ளோதான் வித்தியாசம்."

"போவட்டும்."

"பேஜாரு புடிச்சவளே, அப்புறம் சூளைக்குத்தான்டி போவணும்!"

தகடு கையோடு வந்தது. அதைக் கூரைமேல் வீசினேன்.

அக்கா சொன்னது பொய் இல்லை. நம்ம ஊர் ஈ பசி வந்தால் நிற்காது. ஒரு காலையில் பெட்டி வெறுமையாக இருக்கும். அதனால் தினம் கொட்டாங்குச்சியில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். அதைக் குடிக்க அக்கா பெட்டித் தடியன்களும் வந்து சேர்ந்தார்கள். அங்கே அடித்துத் துரத்தினார்கள். இங்கே காவல்காரிகள் முகர்ந்து பார்த்து உள்ளே விட்டார்கள். பெட்டி முழுக்கத் தடியன் சத்தம். மத்தியானத்தில் குளவிக் கூடு மாதிரி இரையும்.

"என் வூட்ல தொரத்துனது எல்லாம் உன் வூட்ல நாஸ்தா துன்னுகினு கீதுங்க" என்றார் அக்கா. "சத்திரமா நடத்துற?"

"துன்னட்டும்."

"இது ஒண்ணு கத்து வச்சிகினு கீறா. துன்னட்டும், போவட்டும்."

ராணிக்கு அவர்கள் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடுமோ என்று இருந்தது.

தகடு எடுத்ததும் ராணி உடனே பறந்துவிடவில்லை. முதலில் வாசலில் வந்து நின்றாள். திரும்பினாள். அடுத்த நாள் பெட்டிக்கு எதிரே கொஞ்சம் பறந்து, இடத்தை அடையாளம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதற்கடுத்த நாள் மேல்காற்று ஓயவே இல்லை. அவளும் வரவில்லை.

இன்னொரு தொல்லை கரன்ட் கம்பியில் உட்கார்ந்திருந்தது. இரட்டைவால் குருவி. கரிச்சான் என்போம். பறக்கிற ஈயை வாயில் பிடித்துக்கொண்டு மறுபடி கம்பிக்கே வரும். ஈக்களில் ராணி பெரிது. அதன் கண்ணுக்கு முதலில் அவள்தான் படுவாள். நான் துணியை வீசினேன். கம்பி உயரத்துக்கு எட்டவில்லை. கல் எறிந்தேன். பக்கத்துக் கம்பிக்குப் போய் உட்கார்ந்தது.

கட்டிலில் இருந்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, குருவியோட சண்ட?"

"ராணி வரப்போறா. அது துன்னுடும்."

அவர் எழுந்தார். சைக்கிளில் இருந்த ரப்பர் ஹார்னைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, கம்பிக்கு நேர் கீழே போய் நின்றார். அமுக்கினார். பாம் என்று கத்தியது. குருவி எழுந்து புளிய மரத்துக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடி அமுக்கினார். தெருவில் இரண்டு பெண்கள் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டார்கள்.

"இன்னா அண்ணாத்த, இந்நேரத்துல மீனு?"

"மீன் இல்லமே. மாப்ள அழைப்பு நடக்குது. போங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டே போகும்போது இலை அசைவது நின்றதை நான் கவனித்தேன். காற்று ஓய்ந்துவிட்டது. தடியன்கள் வாசலில் இருந்து திமுதிமுவென்று கிளம்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் நீள உடம்பாக அவள் வந்தாள். பலகையில் ஒரு கணம் நின்றாள். பறந்தாள். வேப்ப மரத்துக்கு மேலே போகும்வரை தெரிந்தாள். பிறகு தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருந்தார். கடல்காற்று எழுந்தது. தடியன்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் மோதினார்கள். அந்த நெரிசலில் அவள் வந்தாளா இல்லையா, எனக்குத் தெரியவில்லை.

"வந்துட்டாளா?" என்றார்.

"தெரியல."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். தெரியல."

உடனே திறந்து பார்க்க முடியாது. புதிதாகச் சேர்ந்து வந்த ராணி பயந்தால் அவளை வேலைக்காரிகளே கொன்றுவிடுவார்கள். சும்மா இருக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். களை எடுக்கப் போனேன். வந்தேன். காலையில் எழுந்ததும் முதலில் பெட்டி இருக்கிறதா, ஈ இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தன. தடியன்களும் இருந்தார்கள். கடிக்கவில்லை, தள்ளவில்லை. அப்படியே நாட்கள் போயின. அக்காகூடக் கிண்டலை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு காலை மழை தூறி விட்டிருந்தது. முகம் கழுவிக்கொண்டு பின்பக்கம் போனேன். பெட்டிக்குக் கீழே மண்ணில் என்னவோ ஊர்ந்தது. குனிந்தேன். தடியன். இறக்கை கிழிந்திருந்தது. பக்கத்தில் இன்னொருவன். நிமிர்ந்தேன்.

வாசலில் நடந்துகொண்டிருந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒருவனை இழுத்தார்கள். அவன் விழுமுன் அடுத்தவன் வந்தான். உள்ளே தேன் பக்கம் இருந்தவர்களை எல்லாம் அடிப்பலகைக்குத் தள்ளி, அங்கிருந்து வாசலுக்குத் தள்ளி, வாசலில் இருந்து மண்ணுக்குத் தள்ளினார்கள். என் பெட்டியில் பிறந்தவன், அக்கா பெட்டியில் இருந்து வந்தவன் என்ற பாகுபாடு பார்க்கவில்லை. ஒருவன் என் புடவையில் வந்து ஒட்டிக்கொண்டான். ஒருத்தி அங்கேயும் வந்து அவனை இழுத்தாள்.

நான் கத்தினேன். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அந்தத் தெருவில் நான் கத்தியதில்லை.

"அக்கா! தள்ளுறாளுங்க! தள்ளுறாளுங்கக்கா!"

அக்கா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். வீட்டுக்காரர் தூறல் விட்டு அப்போதுதான் மீன் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே போட்டுவிட்டு வந்தார். மீன் வாடையோடு பெட்டி அருகிலேயே வந்து நின்றார். அன்றைக்கு ஒரு ஈயும் அவரைச் சட்டை செய்யவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

"அடியம்மா! சத்திரத்த மூடிட்டாளுங்க!" என்றார் அக்கா. கையைத் தட்டினார். "போடு! அவன வுடாத! தோ பாரு, பொட்டி காலுக்குப் பின்னாடி ஒளியறான், அவன இழு!"

வீட்டுக்காரர் மண்ணில் ஊர்ந்தவர்களைக் குனிந்து பார்த்தார்.

"எல்லாரையும் தொரத்திட்டா அப்புறம் வேணும்னா இன்னா பண்ணும்?"

"தை மாசம் புதுசா பெத்துக்கும்" என்றேன்.

"எம்மா!" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கட்டப் போனார்.

புகை போட்டேன். நடுச் சட்டத்தைத் தூக்கி, வெயில் முதுகுப் பக்கம் இருந்து விழும்படி பிடித்தேன். அறைகளின் அடியில் முட்டை. அறைக்கு ஒன்று. நூல் துண்டு போல மெல்லிசாக, செங்குத்தாக நின்றன. ஒரு அறையைக்கூட விடாமல் நடுவில் இருந்து வட்டமாக வைத்துக்கொண்டே போயிருந்தாள். சட்டத்தின் அந்தப் பக்கத்தில் அவளே இருந்தாள். ஒல்லி போய்விட்டது. வயிறு நீண்டு, நிதானமாக நடந்தாள். ஓடவில்லை.

அக்காவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

களைக்கு நேரமாகிவிட்டது. கடலைக் கொல்லையில் மற்றவர்கள் பாதி பாத்தி முடித்திருந்தார்கள். வரிசையில் உட்கார்ந்து களைக்கொட்டைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாடி, காத்தாலயே இளிச்சிகினு வர?"

"முட்ட வச்சிட்டா."

"கோழியா?"

"ராணி."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.

ஐப்பசி மழையைப் பெட்டி தாங்கியது. மார்கழியில் தென்னம்பாளைக்குப் போய் மகரந்தம் கொண்டுவந்தார்கள். தை பிறந்து மா பூத்தது. புதிய தடியன்கள் பிறந்து சத்தம் போட ஆரம்பித்தார்கள். பெட்டியை இரண்டாகப் பிரித்தேன். பின்னால் ஊரில் மற்றவர்களும் ஈ கேட்டு வந்தார்கள். கூட்டம் ஓடிப்போன பெட்டிக்குப் புது ராணி முட்டை வைக்கும்வரை தகடு அடிக்காதே என்று மட்டும் சொன்னேன். இப்போது இந்தப் பக்கம் யாரும் அடிப்பதில்லை.

அந்தத் தைக் கடைசியில் சூளை மேஸ்திரி தெருவில் வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆள் கேட்டார்.

"இன்னாமே, மூட்ட கட்டியாச்சா? லாரி நாளைக்கு."

"வரல."

"வரலையா? ஏன், வூட்டுக்காரு கப்பல் வாங்கிட்டாரா?"

வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"கப்பல் இல்ல மேஸ்திரி. பொட்டி. ரெண்டு கீது. வந்து பாக்குறியா?"

மேஸ்திரி பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு தடியன் அவர் காதோரம் இரைந்துகொண்டு போனான். கொடுக்கு இல்லாதவன் என்று அவருக்குத் தெரியாது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அடுத்த தெரு வரை ஓடினார். அக்கா கடையில் இருந்து சிரித்தது அந்தத் தெருவுக்கும் கேட்டிருக்கும்.

நான் புகைச்சட்டியைப் பற்றவைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.